வீடு நூற்றிப் பதினேழு

சனிக்கிழமை எட்டரைக்கு வகுப்பு.
ஏழு மணிக்கு நான் கொக்குவிலில்
ஒரு கோழிக் கடையின் பின்புறம் நிற்கிறேன்,
கழிவுத் தண்ணி வாய்க்காலுக்குப் போகவில்லை என்று
முதலாளி சத்தியம் பண்ணுவதைக் கேட்டபடி.
"நேற்றுத்தான் சேர் குழி வெட்டினது."
குழிக்குள் போன வருசத்துப் புல்.

சப்பாத்தைக் கழுவ நேரமில்லை.
விரிவுரை மண்டபத்தில் எனக்குக் கடைசி வாங்கு.
பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை;
காரணத்தை நானே ஆராய்ந்து முடித்துவிட்டேன்.

டொக்டர் மயூரதி பலகையில் எழுதுகிறார்:
சூனியக் கருதுகோள்.
வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்,
பிறகு முடிந்தால் அதை முறி.
பதினாலு வருச வேலையில்
நான் மறுவளமாய்ச் செய்து வந்திருக்கிறேன்:
நான் போனதால்தான் நுளம்பு குறைந்தது,
மாத அறிக்கை ஒவ்வொன்றிலும்.

என்னைவிட மூத்தவர் வகுப்பில் ஒருவர்தான்.
அன்ரன் யூட், வேலணை. ஆஸ்பத்திரியில் இரவுக் கடமை முடித்து
நேரே வந்து இருப்பார்,
நிகழ்தகவு என்ற சொல்லோடு நித்திரையாகிவிடுவார்.
வரவு கூப்பிடும்போது மட்டும் காலால் தட்டுவேன்.

இரவு பத்தரைக்குப் பிறகு மேசை என்னுடையது.
அதுவரை அது மகளின் ஏழாம் ஆண்டு விஞ்ஞானம்,
சுகந்தினியின் சங்கக் கணக்கு.
அவள் ஒன்றும் சொல்வதில்லை.
"மூன்றாம் தவணைக் காசு எப்ப கட்டவேணும்?"
கேட்ட விதத்தில்
கழுத்துச் சங்கிலி ஒருமுறை அசைந்தது.

ஆய்வுக்கு ஆயிரத்து நாற்பது வீடுகளின் பட்டியல்.
அதில் இருநூறை எழுமாற்றாய் எடுக்கவேண்டும்.
கணினி என் கையை நம்பாது. நல்லது.
என் கைக்குத் தெரியும் எந்த வீட்டில் நாய்,
எந்த வீட்டில் தேத்தண்ணி.

நூற்றிப் பதினேழாவதாய் வந்த இலக்கத்தில்
என் விலாசம் இருந்தது.

"தெரிவான வீடு தெரிவான வீடுதான்," என்றார் மயூரதி,
"ஆனால் நீங்கள் பாக்கேலாது. வேற ஆளை அனுப்புங்கோ."

மாரி பிடித்த பிறகு ஒரு ஞாயிறு
அன்ரன் யூட் வந்தார், ரோச் லைற்றோடு, என் படிவத்தோடு.
என்னைத் தெரியாதவர் போலப் பெயர் கேட்டார்.
வீட்டில் எத்தனை பேர்.
போன பன்னிரண்டு மாதத்தில் ஆருக்கும் காய்ச்சல்.
நான் எழுதிய கேள்விகள்,
நானே இருந்து பதில் சொல்லும்போது
கொஞ்சம் மரியாதை கெட்டவையாய் இருந்தன.

வளவு சுத்தம். கிணத்தடி சுத்தம்.
சிரட்டை இல்லை, டயர் இல்லை.
நான் நெஞ்சை நிமிர்த்துவதற்குள்
அவர் குசினிக்குள் போய்ப் பிரிட்ஜை இழுத்தார்.

பின் தட்டில் அரை விரல் தண்ணீர்.
ஏழு குடம்பிகள்,
தலைகீழாய்த் தொங்கி, என் கரண்டின் சூட்டில்
ஒரு அவசரமும் இல்லாமல் வளர்ந்துகொண்டு.
சுவரின் அந்தப் பக்கம்
நான் இருந்து படிக்கிற மேசை.

மகள் குனிந்து எண்ணி "எட்டு" என்றாள்.
அன்ரன் யூட் ஏழை வெட்டி எட்டு என்று திருத்தினார்.

"நேற்றுத்தான்..." என்று
என் வாய் தொடங்கிவிட்டது.

இன்றிரவு அட்டவணை நிரப்புகிறேன்.
வீடு 117. கொள்கலன் 1. குடம்பி: ஆம்.
பெயர் எழுதக்கூடாது, ஆய்வு நெறி.
எல்லா வீடுகளையும் போல
பகுதியெண்ணில் நானும் இருந்தவன்தான்;
தொகுதியெண்ணுக்குள் போவது இதுதான் முதல்.

பிறகு, அதுவும் வேண்டும் என்று தோன்றி,
நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தேன்.
வீட்டு உரிமையாளர் என்ற கோட்டில் பேனை நின்றது.
சீதன வீடு.

சுகந்தினி தோளுக்கு மேலால் வடிவாக வாசித்தாள்.
"எழுதுங்கோ," என்றாள்.
"உறுதியில என்ர பேர்தான்.
பிரிட்ஜ் நீங்கள் வாங்கினது."